ஆரஞ்சரி: நாரத்தையிலிருந்து வெர்சாய் வரை போன ஒரு பெயர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பிய அரண்மனைகளைச் சுற்றிப் பார்க்கிறவர்கள் தோட்டத்து ஓரமாக நீளமான, உயர்ந்த ஜன்னல்கள் வைத்த ஒரு கட்டடத்தைக் கவனித்திருப்பார்கள். பெயர்ப்பலகையில் ‘ஆரஞ்சரி’ என்றிருக்கும். உள்ளே போனால் பெரும்பாலும் உணவகம், அல்லது ஓவியக்கூடம். ஆரஞ்சு மரத்தைத் தேடினாலும் கிடைக்காது. இந்தக் கட்டடம் எதற்கு, இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்காக இந்தக் கேள்வி பதில். பெயரின் வேர் நம் பக்கத்துக் கொல்லைப்புறம் வரை நீள்கிறது என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லியிருக்கிறேன்.

ஆரஞ்சரி என்றால் என்ன?

குளிர்காலத்தில் ஆரஞ்சு, எலுமிச்சை போன்ற மரங்களைத் தொட்டியோடு உள்ளே கொண்டுபோய் வைத்துக் காப்பாற்றக் கட்டிய கட்டடம். கல்லிலோ செங்கல்லிலோ எழுப்பிய கனமான சுவர். வடக்குப் பக்கம் ஜன்னல் கிடையாது, இருந்தாலும் ஒன்றிரண்டுதான். தெற்குப் பக்கம் முழுக்கப் பெரிய பெரிய ஜன்னல்கள். கூரை சாதாரணக் கூரை; ஓடு, அல்லது கல்லால் ஆன வளைவு. கண்ணாடிக் கூரை இல்லை என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மே மாதவாக்கில் மரங்கள் வெளியே வரும். அக்டோபரில் திரும்ப உள்ளே போகும். கோடை முழுக்கக் கட்டடம் காலியாகக் கிடக்கும் என்பதால் அதில் விருந்து வைப்பார்கள், கச்சேரி நடத்துவார்கள். லண்டனில் கென்சிங்டன் அரண்மனையை ஒட்டி ஆன் அரசிக்காக 1704-ல் கட்டத் தொடங்கிய ஆரஞ்சரி அப்படித்தான் பயன்பட்டது: குளிர்காலத்தில் மரங்களுக்கு, கோடையில் அரசியின் விருந்தாளிகளுக்கு.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

ஆங்கிலத்துக்கு வந்தது பிரெஞ்சிலிருந்து. பிரெஞ்சில் ‘ஒராஞ்’ என்றால் ஆரஞ்சு, ‘ஒராஞ்ரீ’ என்றால் ஆரஞ்சு மரங்கள் இருக்கும் இடம். கட்டடத்தின் பெயர் அவ்வளவுதான். சுவாரசியம் எல்லாம் பழத்தின் பெயரில் இருக்கிறது.

பின்னோக்கிப் போவோம். பிரெஞ்சு ஒராஞ்சுக்கு முன்னால் இத்தாலியின் ‘அரஞ்சா’. பழைய இத்தாலியத்தில் அது ‘நரஞ்சா’. ஸ்பானிய மொழியில் இன்றைக்கும் ‘நரங்ஹா’ என்று முதலெழுத்து அப்படியே இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் மூலம் அரபியின் ‘நாரஞ்ச்’. அரபிக்குக் கொடுத்தது பாரசீகத்தின் ‘நாரங்’. பாரசீகத்துக்குக் கொடுத்தது சமஸ்கிருதத்தின் ‘நாரங்க’. சமஸ்கிருதத்துக்கு? அங்கேதான் மொழியியலாளர்கள் தெற்கே திரும்பிப் பார்க்கிறார்கள். தமிழில் நாரத்தை, நாரத்தங்காய். மலையாளத்தில் மரம் நாரகம், காய் நாரங்ங. தெலுங்கில் நாரிஞ்ச. பல நல்ல அகராதிகள் இந்தச் சொல்லுக்குத் திராவிட மூலம் இருக்கக்கூடும் என்றே குறிக்கின்றன.

பெயரோடு மரமும் அதே வழியில்தான் போனது. அரபு உழவர்கள் புளிப்பு ஆரஞ்சைச் சிசிலிக்கும் ஸ்பெயினுக்கும் கொண்டுபோனார்கள். செவில் நகரத் தெருவோரங்களில் இன்றும் நிற்பது அந்தப் புளிப்பு வகைதான். இனிப்பு ஆரஞ்சு ஐரோப்பாவில் பரவியது பிந்தித்தான், 15-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 16-லும். அதைப் பரப்பியதில் போர்ச்சுகீசியருக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால்தான் அரபியில் புளிப்பு வகைக்கு நாரஞ்ச் என்றும், இனிப்பு வகைக்குப் போர்ச்சுகல் நாட்டின் பெயரை வைத்து ‘புர்துகால்’ என்றும் சொல்கிறார்கள்.

நம்மிடமிருந்து நாரத்தையாகப் புறப்பட்ட பெயர் பாரசீகம், அரபு, இத்தாலி, பிரான்ஸ், இங்கிலாந்து என்று சுற்றிவிட்டு ஆங்கிலேயர் வாயிலிருந்து ‘ஆரஞ்சு’ என்று நமக்கே திரும்பி வந்திருக்கிறது. இப்போது பழக்கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, ஒன்று ஊறுகாய்க்கு, இன்னொன்று சாறு பிழிய. இலங்கைத் தமிழர் ஆரஞ்சைத் தோடம்பழம் என்று சொல்வதால் இந்தக் கடைசிச் சுற்றிலிருந்து அவர்கள் தப்பித்துக்கொண்டார்கள்.

அப்படியென்றால் ஆரஞ்சு தமிழ்ச் சொல் என்று அடித்துச் சொல்லலாமா?

‘தமிழ்ச் சொல்’ என்று சொல்ல வேண்டாம், ‘திராவிட மொழிகளில் வேர் இருக்க நல்ல வாய்ப்புள்ள சொல்’ என்று சொல்லுங்கள். நம் மொழிமேல் பற்று இருப்பவர்கள்தான் இதில் அதிகக் கவனமாக இருக்க வேண்டும். மிகைப்படுத்திச் சொன்னால் கேட்பவர் முழுக்கதையையும் ஒதுக்கிவிடுவார்.

ஆதாரமாக எனக்குப் பிடித்தது மலையாள வடிவம். தமிழில் தேங்காய், மலையாளத்தில் தேங்ங. தமிழில் மாங்காய், அங்கே மாங்ங. அதே கணக்கில் நாரங்ங என்பது ‘நாரங்காய்’ என்ற ஒரு வடிவத்தைக் காட்டுகிறது, அதாவது நாரம் என்ற மரத்தின் காய். தமிழிலும் நாரம், நாரத்தம் என்ற வடிவங்கள் உண்டு. ‘காய்’ என்ற நம் சொல்லே வெளிநாடு போன பெயரின் வாலாக ஒட்டிக்கொண்டு போயிருக்கலாம் என்று இதைக் கொண்டு பேசுகிறார்கள். மாங்காய்க்கு அப்படி நடந்தது நமக்கே தெரியும்: அது போர்ச்சுகீசியர் வாயில் ‘மங்கா’ ஆகி உலகம் சுற்றியது.

நாரத்தை என்பதன் அடிச்சொல் ‘நாறு’ என்பதாகவும் விளக்குவார்கள். நாறுதல் என்றால் பழைய தமிழில் நறுமணம் வீசுவதும்தான். கேட்க அழகாக இருக்கிறது, பொருளும் பொருந்துகிறது. ஆனால் ஓசை பொருந்துவதாலேயே வேர் உறுதியாகிவிடாது.

சங்கப் பாடல்களில் ‘நரந்தம்’ வருகிறதே, அது நாரத்தைதானே?

அதற்கு நாரத்தை என்றும் பொருள் சொல்கிறார்கள், மணமுள்ள ஒரு புல் என்றும் பொருள் சொல்கிறார்கள். இடத்துக்கு இடம் மாறுகிறது. கவரிமா நரந்தத்தை மேய்வதாக வரும் இடங்களில் புல் என்ற பொருளே இயல்பாக இருக்கிறது. ஆகவே ஆரஞ்சின் வரலாற்றுக்கு இதைச் சாட்சியாக இழுக்காமல் இருப்பது நல்லது.

யானை ஆரஞ்சு தின்று செத்ததால் ‘நாக ரங்க’ என்று பெயர் வந்ததாகப் படித்தேன். உண்மையா?

இல்லை. பெயருக்காகப் பின்னால் கட்டிய கதை அது.

நாரத்தையில் இருந்த ‘ந’ எங்கே தொலைந்தது?

ஆங்கிலத்தில் தொலைந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். ‘எ நாரஞ்ச்’ என்பதைத் தவறாகப் பிரித்து ‘அன் ஆரஞ்ச்’ ஆக்கிவிட்டார்கள் என்பது அவர்கள் விளக்கம். ஆனால் பழம் ஆங்கிலேயர் கைக்கு வரும்போதே அதன் பெயரில் ‘ந’ இல்லை. இத்தாலியிலும் பிரான்ஸிலும் ‘ஒரு’ என்பதற்கான சொல் ‘ன்’ அல்லது ‘ன’ ஓசையில் முடிவதால், பழத்தின் முதலெழுத்தை அது விழுங்கிவிட்டது. ‘உன நரஞ்சா’ என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள், ‘உன் அரஞ்சா’ என்றுதான் காதில் விழும்.

முதலில் ‘அ’ இருந்த இடத்தில் பிரெஞ்சில் ‘ஒ’ வந்ததற்கும் காரணம் சொல்வார்கள். பிரெஞ்சில் ‘ஒர்’ என்றால் பொன். தகதகவென்று இருக்கும் பழத்தைப் பார்த்தவர்களுக்குப் பெயரிலும் பொன் கேட்டதில் ஆச்சரியம் இல்லை. லத்தீனில் எழுதியவர்களும் பொன்னைக் குறிக்கும் சொல்லை நினைத்தே இதை ‘அவுரான்டியம்’ என்று எழுதினார்கள். தாவரவியல் பெயரில் அது இன்றும் இருக்கிறது.

நெதர்லாந்தின் ஆரஞ்சு அரச குடும்பத்துக்கும் பழத்துக்கும் சம்பந்தம் உண்டா?

பிறப்பால் இல்லை. தெற்கு பிரான்ஸில் ஆரஞ்சு என்று ஓர் ஊர் இருக்கிறது. ரோமானியர் காலத்தில் அதன் பெயர் அரவுசியோ. அந்த ஊரை ஆண்ட குடும்பம் என்பதால் அவர்களுக்கு அந்தப் பட்டம். காலப்போக்கில் ஊர்ப் பெயரும் பழப் பெயரும் ஒரே ஓசையில் வந்து நின்றன. அப்புறம் குடும்பமே பழத்தைத் தன் அடையாளமாக ஏற்றுக்கொண்டது. டச்சுத் தோட்டங்களில் ஆரஞ்சு மரம் வளர்ப்பது அரச குடும்பத்துக்குக் காட்டும் விசுவாசமாகவும் ஆனது.

பழத்தின் பெயரிலிருந்து நிறத்தின் பெயரா, நிறத்திலிருந்து பழமா?

பழம்தான் முதலில். ஆங்கிலத்தில் நிறத்துக்கு அந்தப் பெயர் 16-ஆம் நூற்றாண்டில்தான் வருகிறது. அதற்கு முன் மஞ்சட்சிவப்பு என்கிற மாதிரி கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், நாம் செம்மஞ்சள் என்பதுபோல.

ஒரு பழ மரத்துக்கு எதற்கு இவ்வளவு பெரிய கட்டடம்?

குளிர் பிரதேசத்து மரங்கள் இலையை உதிர்த்துவிட்டுக் குளிர்காலத்தைத் தூங்கிக் கழிக்கும். ஆரஞ்சுக்கு அந்த வழக்கம் இல்லை. ஆண்டு முழுக்க இலை பச்சையாக நிற்கும், ஒரே கிளையில் பூவும் காயும் பழமும் சேர்ந்தே இருக்கும். ஜனவரியில் வெளியே எல்லாம் மொட்டையாக நிற்கும்போது பச்சை இலைக்கு நடுவில் வெள்ளைப் பூவையும் தங்கப் பழத்தையும் பார்த்தால் பாரிஸ்காரருக்கு எப்படி இருந்திருக்கும்! வாசனை வேறு. அந்த மரத்தை உயிரோடு வைத்திருப்பது பணக்காரத்தனத்தின் உச்சமாக இருந்ததில் வியப்பில்லை. ஆனால் ஒரு கடுமையான உறைபனி இரவு போதும், எல்லாம் போய்விடும்.

முதலில் எளிய வழிகளைத்தான் முயன்றார்கள். இங்கிலாந்தில் பெடிங்டன் என்ற ஊரில் கேரூ குடும்பத்தார் ஆரஞ்சு மரங்களைத் தரையிலேயே நட்டு, குளிர்காலம் வந்தால் அவற்றைச் சுற்றிப் பலகை அடித்து உள்ளே அடுப்பு மூட்டிக் காப்பாற்றினார்கள். ஆங்கில எழுத்தாளர் ஜான் ஈவ்லின் 1658-ல் அதைப் பார்த்துத் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். பல தலைமுறை தாக்குப்பிடித்த அந்த மரங்கள் 1739–40 குளிர்காலத்து உறைபனியில் மடிந்தன. ஜெர்மனியில் ஹைடல்பெர்க் அரண்மனைத் தோட்டத்திலும் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே ஏற்பாடுதான், வருஷா வருஷம் மரக்கொட்டகை கட்டுவதும் வசந்தத்தில் பிரிப்பதும். இந்தத் தொல்லைக்கு இரண்டு தீர்வு: மரத்தைத் தொட்டிக்கு மாற்று, கொட்டகையை நிரந்தரக் கட்டடமாக்கு. ஆரஞ்சரி பிறந்தது அப்படித்தான்.

எல்லாரும் வெர்சாய் ஆரஞ்சரியையே சொல்கிறார்களே, அதில் என்ன விசேஷம்?

முதலில் அளவு. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயிக்காகக் கட்டடக் கலைஞர் ஜூல் ஆர்துவான்-மான்சார் 1684–86-ல் கட்டியது. நடுக்கூடம் மட்டும் 150 மீட்டருக்கு மேல் நீளம், வளைவுக் கூரை 13 மீட்டர் உயரம். அரண்மனையின் தெற்குத் தோட்டம் இதன் தலைக்கு மேலேதான் இருக்கிறது. அதாவது மேலே மண், மூன்று பக்கமும் தடித்த சுவர், தெற்கே மட்டும் திறப்பு. மண்ணே போர்வை. கணப்பு இல்லாமலேயே உள்ளே உறைநிலைக்குக் கீழே போகாமல் காத்தது இந்த அமைப்பு. இன்றைய கட்டடக் கலைஞர்கள் பாடமாக வைத்துப் படிக்கலாம்.

அப்புறம் தொட்டி. மரங்கள் நின்றது மண்தொட்டியில் அல்ல. ஓக் பலகையால் செய்த சதுரப் பெட்டி, மூலைகளில் இரும்புச் சட்டம், பக்கப் பலகையைக் கழற்றித் திறக்கலாம். மரத்தை வெளியே பிடுங்காமலே வேரைப் பார்க்கலாம், பழைய மண்ணைச் சுரண்டி எடுத்துப் புது மண் போடலாம், வேரைச் செதுக்கலாம். ‘வெர்சாய்ப் பெட்டி’ என்ற பெயரில் இன்றும் அதே வடிவத்தில் செய்து விற்கிறார்கள். மாடியில் எலுமிச்சை வளர்ப்பவர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே புரியும். பெரிய தொட்டியில் வேர் சுருண்டு போனால் தொட்டியை உடைப்பதைத் தவிர நமக்கு வேறு வழி இருப்பதில்லை.

மரங்கள் எங்கிருந்து வந்தன என்பதும் ஒரு கதை. நிதியமைச்சர் நிக்கோலா ஃபூக்கே தன் வோ-லெ-விகோம்த் மாளிகையில் ஆரஞ்சு மரங்கள் வளர்த்திருந்தார். 1661-ல் அவரைச் சிறைபிடித்த லூயி, அவர் மரங்களையும் தனதாக்கிக்கொண்டார். 1421-ல் பாம்ப்லோனாவில் விதைத்ததாக வழிவழியாகச் சொல்லப்படும் ஒரு மரம், கை மாறிக் கை மாறி வெர்சாய்க்கு வந்து 19-ஆம் நூற்றாண்டின் கடைசி வரை இருந்தது என்றும் சொல்வார்கள். லூயியின் கண்ணாடி மண்டபத்தில் ஆரஞ்சு மரங்களை வெள்ளித் தொட்டிகளில் வைத்திருந்தார்கள். 1689-ல் போர்ச் செலவுக்காக அந்த வெள்ளி எல்லாம் உருக்கப்பட்டது.

கசப்பான பக்கமும் உண்டு. 1871-ல் பாரிஸ் கம்யூன் எழுச்சியை ஒடுக்கியபோது பிடிபட்டவர்களை இந்த ஆரஞ்சரிக்குள்தான் அடைத்து வைத்தார்கள்.

கண்ணாடிக் கூரை இல்லாமல் இருட்டில் மரம் எப்படிப் பிழைக்கும்?

இதைப் புரிந்துகொண்டால் ஆரஞ்சரியையே புரிந்துகொண்ட மாதிரி. குளிர்ந்த இடத்தில், ஐந்திலிருந்து பத்து டிகிரிக்குள், ஆரஞ்சு மரம் ஏறக்குறைய வேலைநிறுத்தம் செய்துவிடும். வளராது, தண்ணீரும் அதிகம் கேட்காது. வேலை செய்யாத மரத்துக்கு வெளிச்சம் கொஞ்சம் போதும். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே தாழ்வாக நிற்பதால் உயர்ந்த தெற்கு ஜன்னல்கள் வழியாக வெயில் கூடத்தின் உள்சுவர் வரை போகும். அந்தக் கனமான சுவர் பகலில் வாங்கிய சூட்டை இரவில் மெல்ல விடும்.

கூடத்தைச் சூடாக்கினால்தான் ஆபத்து. சூடு பட்டதும் மரம் விழித்துக்கொண்டு வளரப் பார்க்கும், வளர வெளிச்சம் போதாது, இலை கொட்ட ஆரம்பிக்கும். லண்டன் கியூ தோட்டத்தில் வில்லியம் சேம்பர்ஸ் 1761-ல் கட்டிய அழகான ஆரஞ்சரி இந்த விஷயத்தில்தான் தோற்றது. உள்ளே வெளிச்சம் போதவில்லை என்று 19-ஆம் நூற்றாண்டில் மரங்களை வெளியேற்றினார்கள். இப்போது அது உணவகம்.

கிரீன்ஹவுஸ் என்ற சொல்லும் இதிலிருந்து வந்ததா?

பக்கத்து வீட்டுச் சொல். ஆங்கிலத்தில் 1660-களில் ஜான் ஈவ்லின் எழுத்துகளில் தென்படுகிறது. அதில் உள்ள ‘கிரீன்’ கட்டடத்தின் நிறமும் அல்ல, இன்றைய சூழலியல் பசுமையும் அல்ல. ஆரஞ்சு, மிர்ட்டில் போன்ற குளிர் தாங்காத, இலை உதிராத செடிகளை அக்காலத் தோட்டக்காரர்கள் ‘கிரீன்ஸ்’ என்றே அழைத்தார்கள். அந்தப் பச்சைகளைக் குளிர்காலத்தில் வைக்கும் வீடு கிரீன்ஹவுஸ். ஆக அதுவும் ஆரம்பத்தில் செடிக்கு ஒண்டுகுடித்தன வீடுதான். விதைபோட்டு வளர்த்து அறுவடை செய்யும் இடம் என்ற பொருள் பிறகு ஏறியது.

கன்சர்வேட்டரி என்பதும் அதே காலத்துச் சொல். ‘காத்துவைக்கும் இடம்’ என்று பொருள்படும் லத்தீன் அடியிலிருந்து வந்தது. இசைக் கல்லூரிக்கும் அதே பெயர் இருப்பது தற்செயல் இல்லை. இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்து அநாதை இல்லங்களுக்கு ‘கன்சர்வத்தோரியோ’ என்று பெயர். அங்கே பிள்ளைகளுக்குப் பாட்டும் வாத்தியமும் கற்றுக்கொடுத்தார்கள். ஓரிடத்தில் செடியைக் காத்தார்கள், இன்னோரிடத்தில் பிள்ளைகளை. இந்தச் சொல்லைப் போல மனதைத் தொடும் சொல் தோட்டக்கலையில் வேறு இல்லை என்பேன்.

ஹாட்ஹவுஸ் என்பது முதலில் வெந்நீர்க் குளியல் கூடத்துக்குப் பெயர். ஸ்டவ் என்பதும் முதலில் அடுப்பு அல்ல, சூடேற்றிய அறை. பின்னால் வெப்பமண்டலச் செடிகளுக்கான சூட்டு வீட்டைத் தோட்டக்காரர்கள் ஸ்டவ் என்றார்கள்.

மற்ற மொழிகளில் இந்த மாதிரிக் கட்டடத்தை எப்படி அழைக்கிறார்கள்?

ஸ்பானிய மொழியில் ‘இன்வெர்னாதேரோ’, குளிர்காலத்தை வைத்து. பிரெஞ்சில் ‘செர்’, பூட்டி மூடி வைப்பதை வைத்து. போர்ச்சுகீசில் ‘எஸ்துஃபா’, சூட்டை வைத்து. சீனத்திலும் ஜப்பானியத்திலும் ‘வெதுவெதுப்பான அறை’. ஜெர்மனில் ‘செடி வீடு’. ரஷ்ய மொழியில் இரண்டு சொல்: காய்கறி வளர்க்கும் எளிய கூடாரம் ‘தெப்லீத்ஸா’, வெப்பம் என்ற சொல்லிலிருந்து, அலங்காரச் செடிகளுக்கான பெரிய கட்டடம் ‘ஒரன்ஷெரேயா’, அதாவது நம் ஆரஞ்சரியேதான், உள்ளே ஆரஞ்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும். இத்தாலியில் எலுமிச்சைக்கென்றே ‘லிமொனாயா’ என்று தனிச் சொல். கார்டா ஏரிக்கரையில் கல்தூண்கள் வரிசையாக நிற்கும் பழைய லிமொனாயாக்களை இன்றும் பார்க்கலாம். குளிர்காலத்தில் தூண்களுக்கு இடையே பலகையும் கண்ணாடியும் பொருத்துவார்கள்.

ஆரஞ்சரி கட்டுவது எப்போது நின்றது?

கண்ணாடியும் இரும்பும் மலிந்தபோது. பிரிட்டனில் 18-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து கண்ணாடிக்கு வரி இருந்தது. 1845-ல் அதை நீக்கினார்கள். கியூ தோட்டத்தின் பனை வீடு 1844–48-ல் எழுந்தது, முழுக்க இரும்பும் கண்ணாடியும். 1851-ல் ஜோசப் பாக்ஸ்டன் வடிவமைத்த ‘கிரிஸ்டல் பேலஸ்’ என்ற கண்ணாடி மாளிகை லண்டன் ஹைட் பார்க்கில் நின்றது. பாக்ஸ்டன் அடிப்படையில் ஒரு தோட்டக்காரர், சாட்ஸ்வொர்த் மாளிகையில் செடிகளுக்குக் கண்ணாடி வீடு கட்டிப் பழகியவர். நாற்புறமும் வெளிச்சம் வரும்போது தெற்கு ஜன்னலை நம்பிக் கல்மண்டபம் எதற்கு? பழைய ஆரஞ்சரிகள் வேறு வேலைக்குப் போயின. ஆனாலும் பாரிஸ் துயிலெரி தோட்டத்து ஆரஞ்சரி இந்தக் காலக்கட்டத்தில்தான், 1852-ல், புதிதாகக் கட்டப்பட்டது. 1927 முதல் அங்கே பிரெஞ்சு ஓவியர் மோனேயின் அல்லி ஓவியங்கள் இருக்கின்றன.

அந்தக் கண்ணாடி வீடுகளுக்கும் தமிழர் வாழ்க்கைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1876-ல் பிரேசிலிலிருந்து வந்த சுமார் 70,000 ரப்பர் விதைகளைக் கியூவின் சூட்டு வீடுகளில் முளைக்க வைத்தார்கள். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றில் சுமார் 1,900 கன்றுகள் கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்குக் கப்பலேறின. மறுவருஷம் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. மலாயா ரப்பர்த் தோட்டங்களில் விடியற்காலையில் பால்மரம் வெட்டிய தமிழர்களின் வரலாறு அந்தக் கண்ணாடிக் கூரைக்கு அடியில் தொடங்குகிறது. இதை அறிந்த பிறகு கியூவை வெறும் அழகான பூங்காவாக என்னால் பார்க்க முடியவில்லை.

தமிழ்நாட்டில் ஆரஞ்சரி உண்டா?

சமவெளியில் தேவையே இல்லை. நாரத்தை கிணற்றடியில் தானாக நிற்கும். குளிர் பிரச்சினை உள்ள இடம் நீலகிரி. ஊட்டியில் 1848-ல் தொடங்கிய தாவரவியல் பூங்காவை உருவாக்கிய வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் கியூவிலிருந்து வந்தவர். அங்குள்ள கண்ணாடி மாளிகை அந்த மரபின் வாரிசு. ஆனால் டிசம்பர், ஜனவரி உறைபனிக்கு வெளியே இருக்கும் செடிகளைப் பூங்கா ஊழியர்கள் காப்பாற்றுவது கோத்தகிரி மிலார் செடிகளைக் கொண்டுவந்து மூடி. பெடிங்டனில் பலகையால் செய்ததை இங்கே மிலாரால் செய்கிறார்கள்.

தமிழில் இதற்கு என்ன பெயர் சொல்லலாம்?

கிரீன்ஹவுஸுக்குப் பசுமைக்குடில், பசுமை இல்லம், பைங்குடில் என்று பல சொற்கள் இருக்கின்றன. இலங்கைப் பாடநூல்களில் பச்சைவீடு. விவசாயிகள் பாலித்தீன் போட்டதைப் பாலிஹவுஸ் என்றும், வலை போட்டதை நிழல்வலைக் குடில் என்றும்தான் சொல்கிறார்கள். ஆரஞ்சரி என்பது ஒரு குறிப்பிட்ட காலத்து, குறிப்பிட்ட இடத்துக் கட்டடம் என்பதால் அப்படியே எழுதிவிடலாம். தமிழில் பெயர் வேண்டும் என்பவர்கள் ‘நாரத்தை மாடம்’ என்று எழுதினால் எனக்குச் சந்தோஷம்.

பிரிட்டனில் வீட்டுக்குப் பின்னால் ‘ஆரஞ்சரி’ கட்டித் தருவதாக விளம்பரம் வருகிறதே?

செங்கல் தூண்களும் பெரிய ஜன்னல்களும் வைத்து, கூரையின் நடுவில் மட்டும் கண்ணாடி போட்ட கூடுதல் அறைக்கு அங்கே அந்தப் பெயர். கூரை பெரும்பாலும் கண்ணாடியாக இருந்தால் கன்சர்வேட்டரி என்பார்கள். வியாபாரப் பெயர்தான், ஆனால் கனமான சுவர் என்ற பழைய அடையாளம் அதில் இன்னும் இருக்கிறது.

நான் குளிர்நாட்டில் இருக்கிறேன். என் கறிவேப்பிலைத் தொட்டிக்கு இதில் ஏதாவது பாடம் உண்டா?

நிறைய. கறிவேப்பிலையும் ஆரஞ்சும் ஒரே தாவரக் குடும்பம். இரவு வெப்பம் பத்து டிகிரியை நெருங்கும்போதே தொட்டியை உள்ளே எடுத்துவிடுங்கள். ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். தெற்குப் பார்த்த ஜன்னலோரம், அதிகச் சூடில்லாத அறை நல்லது, ஆனால் ஆரஞ்சு அளவுக்குக் குளிரை இது தாங்காது. தண்ணீரைக் குறையுங்கள், மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். உரம் வேண்டாம். இலை உதிர்ந்தால் பயந்துபோய் இன்னும் தண்ணீர் ஊற்றுவதுதான் பலர் செய்வது, வேர் அழுகிச் செடி சாவது அதனால்தான். தண்டைச் சற்றே கீறிப் பாருங்கள், உள்ளே பச்சையாக இருந்தால் செடி உயிரோடு இருக்கிறது. இலைக்கு அடியில் செதில் பூச்சியும் சிலந்திப் பேனும் வருகிறதா என்று அவ்வப்போது திருப்பிப் பார்த்து, ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். வசந்தத்தில் வெளியே எடுக்கும்போது நேராக வெயிலில் வைக்காமல் ஒரு வாரம், பத்து நாள் நிழலில் வைத்துப் பழக்குங்கள். உறைபனி வராது என்று உறுதியான பிறகே இரவிலும் வெளியே விடுங்கள்.